ஏரி காத்தவர் யார்?

மதுராந்தகத்தில் ஒரு கோயில் இருக்கிறது. அங்கே உள்ள இராமனுக்கு 'ஏரி காத்த இராமர்' என்று பெயர். பெயருக்கு ஒரு கதையும் உண்டு. பேரேரி மழைக்காலந்தோறும் உடைப்பெடுத்து ஊரை அழித்துக்கொண்டிருந்ததாம். 1794 முதல் 1798 வரை செங்கற்பட்டுச் சீமையில் கும்பினியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, கொட்டும் மழையில், நள்ளிருளில், கரையைக் காணச் சென்றாராம். வில்லேந்திய வீரர் இருவர் கரைமீது காவல் நிற்கக் கண்டாராம். பொழுது விடிந்தது, கரை நின்றது. உள்ளம் உருகிய துரை, தாயார் சன்னதிக்குத் திருப்பணி செய்து கொடுத்தாராம்.

கதையில் வரும் கலெக்டர் வரலாற்று மனிதர். ஏரியும் உண்மை, மழையும் உண்மை. வில் பிடித்த இருவரைக் கண்டுகொண்ட கதை, கூடை பிடித்த கூட்டத்தை மட்டும் காண மறந்துவிட்டது. மண்ணை வெட்டியவர், சுமந்தவர், மிதித்து இறுக்கியவர், உடைப்பு வாயில் தழையும் கல்லும் போட்டு மார்பளவு நீரில் நின்றவர், இவர்களில் ஒருவருக்கேனும் அங்கே சன்னதி உண்டா? அவர்களைத் தேடித்தான் இந்தக் கட்டுரை புறப்படுகிறது.

ஏன் இப்போது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து இளைஞர்கள் இன்று ஏரிக்கரைகளில் கூடுகிறார்கள். குப்பை பொறுக்குகிறார்கள், பனைவிதை நடுகிறார்கள், பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் அக்கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் ஒலிக்கிறது: "அந்தக் காலத்தில் ஊரே ஒன்றுகூடிக் குடிமராமத்து செய்தது, சாதியில்லை, சண்டையில்லை, வெள்ளையன் வந்தான், எல்லாம் கெட்டது." கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

முதலில் ஏரியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரி தானாகக் கிடந்த பள்ளமன்று. சரிவான நிலத்தில், ஓடிவரும் மழைநீரை மறித்துப் போட்ட மண்கரை அது. நீரைக் கொண்டுவர வரத்துக்கால், வயலுக்கு விட மதகு, மிகுதியை வெளியேற்றக் கலங்கல், கலங்கல் தாண்டிய நீர் அடுத்த ஏரிக்குப் போக ஓடை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரி. அது நிரம்பினால் மாதவரத்து இரட்டை ஏரி. இப்படிச் சங்கிலியாகக் கோத்தவர்களுக்கு நிலத்தின் சரிவு உள்ளங்கை ரேகைபோலத் தெரிந்திருக்க வேண்டும். பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி, தன் நீர்ப்பிடிப்போடு நில்லாமல், கூவத்தின் குறுக்கே ஜமீன் கொரட்டூரில் உள்ள அணைக்கட்டிலிருந்து பங்காரு கால்வாய் வழியாகவும் நீர் பெறுகிறது. கூவம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சென்னைவாசிக்கு, அதே ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தன் குடிநீர் ஏரிக்கு வாய்க்கால் போகிறது என்று சொன்னால் நம்பமாட்டார்!

மண்கரை ஆண்டுதோறும் தேயும். வண்டல் ஆண்டுதோறும் படியும். மதகில் புல்லும் புதரும் ஆண்டுதோறும் அடைக்கும். ஓராண்டு கவனியாமல் விட்டால் மறு ஆண்டு இருமடங்கு வேலை. கோடையில் எடுக்கும் வண்டல் வயலுக்கு உரம். ஆகவே தூர் வாருவதில் உழவனுக்கு ஆதாயமும் இருந்தது. குடிமராமத்து என்ற பழக்கம் பிறந்தது இந்தத் தேவையில்தான். புண்ணியம் தேடி எவரும் மண் சுமக்கவில்லை.

இனி உத்திரமேரூர். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பாடநூல்கள் பாடிப் பரவுகின்றன. நாமும் வகுப்பறையில் அதைச் சொல்லித்தான் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கிறோம். முப்பது குடும்புகள், குடவோலை முறை, ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர், பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்தில் நுழைய முடியாது. இந்த ஒரு விதியை இன்றைய ஆட்சி மன்றங்களில் வைத்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணும்போது சிரிப்பு வருகிறது.

பெருமை இருக்கட்டும். குடத்தில் ஓலை போட யாருடைய பெயர் எழுதப்பட்டது? காணிநிலத்துக்கு வரி கட்டுவோன், சொந்த மனையில் வீடு உடையோன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதுடையோன், வேதம் பயின்றோன். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். வேதியருக்குக் கொடுத்த ஊர். ஏரியைப் பற்றி முடிவு செய்ய மந்திரம் தெரிய வேண்டும். மண் தெரிய வேண்டியதில்லை! அந்த ஏரியின் மண்ணைச் சுமந்த கைகளுக்குக் குடத்திலே ஓர் ஓலை இல்லை, பெண்களுக்கும் இல்லை. வேளாளர் வாழ்ந்த ஊர்களில் 'ஊர்' என்ற அவை இருந்தது என்பதையும் மறக்கவில்லை. அங்கும் பேசியவர் நிலமுடையவரே.

எண்ணூற்றைம்பது ஆண்டுகள் தாண்டி வருவோம். ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கும்பினி பெற்ற ஜாகீரை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அளந்தார். ஊர்க்கணக்கர்கள் ஓலையில் எழுதிய விவரங்கள் இன்றும் கிடைக்கின்றன. களத்துமேட்டில் நெல் பிரியுமுன் யார் யாருக்கு எவ்வளவு என்பது அவற்றில் உண்டு: கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. ஏரிக்கென்றே விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கிய ஏற்பாடு போற்றத்தக்கது. 1780இல் ஐதரின் படை புகுந்து ஜாகீர் பாழானபோதும், பின்னர் அந்தப் பங்கையெல்லாம் கும்பினியின் வரிப்பசி விழுங்கியபோதும், கரைகள் கேட்பாரற்றுக் கிடந்தன என்பதையும் மறுக்க மாட்டோம். வெள்ளையர்மீது சாட்டும் குற்றத்தில் பாதி உண்மை இருக்கிறது.

மற்றப் பாதியைப் பேசத்தான் ஆளில்லை. இந்தச் சீமையில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. உழுதவர், நட்டவர், அறுத்தவர் பெரும்பாலும் பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சேரியில் ஒதுக்கப்பட்ட ஆதிதிராவிட மக்கள். மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று அறிந்து பாய்ச்சிய நீர்க்கட்டியும் பெரும்பாலும் அவர்களில் ஒருவரே. ஊரின் நீர்க்கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. ஊர்க்கிணற்றின் கயிறு அவர் கைக்குத் தடை செய்யப்பட்டிருந்தது.

கரை உடைந்தால்? 1858ஆம் ஆண்டின் முதற் சட்டத்தைப் பாருங்கள். சென்னை மாகாணத்துக்கென வந்த கட்டாய உழைப்புச் சட்டம் அது. ஏரிக்கோ ஆற்றுக்கோ உடைப்பு ஆபத்து என்றால், 'உழைக்கும் வகுப்பைச்' சேர்ந்த உடல்வலிமையுள்ள ஆடவர் அனைவரும் அழைத்தவுடன் வர வேண்டும், வராதவர்க்குத் தண்டனை. கூலி தர வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. ஆனால் 'வர மாட்டேன்' என்று சொல்லும் உரிமை இல்லை. வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யத் தவறியவருக்கோ வேறு விதி: அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு பணம் கட்டிவிட்டால் போதும். பணம் உடையவன் பணத்தால் தீர்த்துக்கொள்ளலாம். உடம்பு ஒன்றே உடையவன் உடம்பால்தான் தீர்க்க வேண்டும். ஊர் ஒற்றுமையின் சின்னம் என்று கொண்டாடப்படும் குடிமராமத்து, ஏட்டில் ஏறியபோது தன் உருவத்தைக் காட்டிவிட்டது. இலங்கையிலும் இதுவே கதை. குளங்களைக் காத்தது இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம். 1832இல் அது ஒழிக்கப்பட்டபின் குளங்கள் சீரழிந்தன. 1856இல் ஊர்வழக்கங்களை உயிர்ப்பிக்க ஒரு பாசனச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கட்டாயமின்றி, சாதியின்றிப் பொது நீரைக் காக்க முடியாதோ என்று ஐயுறுவோர் ஹாலந்தை நோக்கட்டும். கடலைவிடத் தாழ்ந்த நாடு அது. அங்கே கரை காக்கும் நீர் மன்றங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இருந்தன. ரைன்லாந்து மன்றத்துக்கு 1255இல் உரிமைப் பட்டயம் கிடைத்தது. கரையில் இன்ன பகுதி இன்னாருக்கு என்று, நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பிரித்தார்கள். நிலம் மிகுந்தவனுக்குக் கரையும் மிகுதி. பராமரிக்க இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவைத்துவிட்டு நிலத்தையே விட்டுப் போக வேண்டும். அங்கும் செல்வர் ஆதிக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தோடு கடமையைக் கட்டிய அவர்கள் வழி எங்கே, நிலமில்லாதவன் தலையில் கடமையைக் கட்டிய நம் வழி எங்கே!

தோண்டியவனுக்குத் தண்ணீர் மறுத்த கொடுமையைச் சட்டமன்றத்தில் கேட்டவரும் இந்தச் செங்கற்பட்டுச் சீமையின் மகனே. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அலுவலகம் எவற்றையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடை கூடாது. நீதிக்கட்சி ஆட்சியில் அது நிறைவேறி அரசாணையாயிற்று. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மராட்டிய நாட்டு மகாடில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். நீர்நிலைகளின் வரலாறு எழுதுவோர் கரிகாலனின் கல்லணையோடு இந்த ஒரு கை நீரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது நம் கருத்து.

விடுதலைக்குப் பின் 1952 அக்டோபரில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 'சிரமதானம்' என்ற சொல் நாடெங்கும் ஒலித்தது. அமைச்சர் ஒரு கூடை மண் எடுப்பார்; படம் பிடிப்பார்கள்; மாலை விழும். வடநாட்டு ஊர்களில் அத்திட்டத்தை நேரில் ஆராய்ந்த சமூகவியலறிஞர் எஸ்.சி. துபே, 1958இல் வெளியிட்ட நூலில் கண்டதைக் கூறினார்: மேல்சாதியார் மேற்பார்வை பார்த்தனர்; மண் சுமந்தவர் ஏழைகள்; அன்றைய கூலியை இழந்தவரும் அவர்களே; பயனடைந்தவர் நிலமுடையோர். பழைய வெட்டி ஊழியம் புதுப்பெயரில் வந்ததென்றே அவர்கள் எண்ணினர். 'தானம்' செய்யச் சொல்லப்பட்டவனிடம் இருந்தது பட்டினி மட்டுமே! 1955 சனவரியில் ஆவடியில் காங்கிரசு கூடிச் 'சமதர்மப் பாங்கான சமுதாயம்' என்று தீர்மானித்த அந்த ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது.

பின்னர் ஏரிகளின் நிலையே மாறிற்று. ஆவடியில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை. தொழில் வந்ததை வெறுப்பவரல்லர் நாம். சேரியிலிருந்து புறப்பட்ட இளைஞன் பண்ணையார் வாசலில் நில்லாமல் ஆலை வாயிலில் நிற்க முடிந்தது அதனால்தான். ஆனால் ஆயக்கட்டு மனைகளாகியது. வயல் போனதும் மதகுக்கு வேலையில்லை. மதகுக்கு வேலையில்லாதபோது ஏரிக்கு உரியவர் இல்லை. உரியவர் இல்லாத இடத்தில் கழிவுநீர் வந்து குடியேறிற்று. 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடிவரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் கரையோரம் முழுதும் மூழ்கியது. 2019 சூலை 12 அன்று, நீரின்றித் தவித்த சென்னைக்குச் சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரோடு தொடர்வண்டி வந்தது. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்களைக் கடந்து வில்லிவாக்கத்தில் நின்றது அது. மூன்று ஊரிலும் ஏரி உண்டு.

இந்த நிலையில்தான் 2017 மார்ச்சில், பல்லவரும் சாளுக்கியரும் பொருத மணிமங்கலத்தில், குடிமராமத்துத் திட்டத்தை அரசு மீண்டும் தொடங்கியது. முதற் கட்டத்துக்கு நூறு கோடி ரூபாய். பாசன விவசாயிகள் சங்கங்கள் வேலையை ஏற்று, பத்து விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டில் வந்த சட்டமோ, ஆயக்கட்டில் நிலம் உடையோருக்கே வாக்குரிமை தந்தது. ஏரியில் மீன் பிடிப்பவர், ஆடு மாடு மேய்ப்பவர், வரப்பில் புல் அறுப்பவர், கூலிக்கு நாற்று நடுபவர் எவருக்கும் வாக்கில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளில் வேதத் தகுதி போயிற்று. நிலத் தகுதி அப்படியே நிற்கிறது! 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்து ஏரிகளில் மண் வெட்டியவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த ஏரியின் சங்கத்தில் பேச முடிந்தது?

கொரட்டூரில் வேறொரு முயற்சி நடந்தது. அங்கே ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்ற பெயரில் கூடியவர்களுக்கு ஆயக்கட்டும் இல்லை, மிராசும் இல்லை. சுற்றிலும் குடியிருப்போர் அவர்கள். கரையைச் சுத்தம் செய்ததோடு நில்லாமல், கழிவுநீரும் தொழிற்பேட்டைக் கழிவும் எவ்வழியே வருகின்றன என்று கேட்டு, 2015 வெள்ளத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். நிலத்தைக் கொண்டு அல்லாமல் வாழ்வைக் கொண்டு ஏரிக்கு உரிமை கோரிய அந்தச் செயலை உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு அடுத்த பாடமாக வைக்கலாம்.

ஆகவே முகாம் நடத்தும் தோழர்களுக்குச் சில வேண்டுகோள். நெகிழிப் பையைப் பொறுக்கும் நேரத்தில் பாதியைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் செலவிடுங்கள். ஊரின் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு, ஏரிப் புறம்போக்கு எவ்வளவு, வரத்துக்கால் எங்கே, அதன்மேல் இன்று நிற்பது குடிசையா மாளிகையா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றதும் குடிசைகள்மீது மட்டும் எந்திரம் பாய்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வரைபடம் கையில் இருந்தால் மாளிகையையும் கேட்கலாம். பழைய நீர்க்கட்டிக் குடும்பங்களில் முதியவர் எவரேனும் இருந்தால், மேடையில் நாற்காலி போட்டு அவரைப் பேசச் சொல்லுங்கள். எந்த மழைக்கு எந்தக் கலங்கல் எத்தனை நாள் வழிந்தது என்பதை அவரைப்போல் சொல்ல எந்தப் பொறியாளராலும் ஆகாது. கூலிக்காரரை ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் கூலி கொடுத்து அழையுங்கள். வந்தவர் எல்லோருக்கும் ஒரே பானையில் தண்ணீர், ஒரே பந்தியில் சோறு. அம்பத்தூர் ஏரியைத் தூய்மை செய்வோர் கொரட்டூராரையும் மாதவரத்தாரையும் கூட்டிக்கொண்டு, கலங்கல் ஓடையின் வழியே கால்நடையாக ஒருமுறை நடந்து பாருங்கள். ஐப்பசி பிறக்குமுன், ஓடை வறண்டிருக்கும்போதே.