ராசோமோனும் அந்த நாளும்

அந்த நாள் என்பது 1954 ஏப்ரல் 13-இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். வீணைக் கலைஞராகவும் பெயர் பெற்ற எஸ். பாலச்சந்தர் இதை இயக்கினார், ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்தது. பாடல், நடனம், சண்டைக் காட்சி எதுவும் இதில் கிடையாது. (படம் வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, அவ்வாண்டு நவம்பர் 1-இல்தான் இந்தியாவின் கைக்கு வந்தது.)

அகிரா குரோசாவாவின் ராசோமோன் (1950) என்னும் ஜப்பானியப் படத்தை ஒரு திரைப்பட விழாவில் கண்டதே பாலச்சந்தருக்குத் தூண்டுகோல். ராசோமோன் 1951-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. அக்குதாகவா எழுதிய இரண்டு சிறுகதைகளிலிருந்து உருவான கதை அது. பழங்கால ஜப்பானில், காட்டு வழியே மனைவியோடு சென்ற ஒரு சாமுராய் வீரன் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன், மனைவி, விறகுவெட்டி ஆகியோர் ஆளுக்கொரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். நான்காவது சாட்சி, இறந்தவனே. நம் ஊர்ச் சாமியாடியைப் போல ஆவேசம் கொண்ட ஒரு பெண்ணின் உடலில் அவன் ஆவி இறங்கிப் பேசுகிறது. தானே குத்திக்கொண்டு மடிந்ததாக அது கூறுகிறது. அதையும் மற்றவர்கள் நம்பவில்லை. செத்தவன்கூடத் தன் மானத்தைக் காக்கப் பொய் சொல்லக்கூடும் என்பதுதான் அப்படத்தின் நடுக்கமூட்டும் இடம்.

பாலச்சந்தர் முதலில் இக்கருவை வைத்து எழுதியதை வானொலி நிலையம் ஏற்கவில்லை. பிறகு ஏ.வி. மெய்யப்பன் படமாக்க முன்வந்தார். திரைக்கதையும் வசனமும் எழுதிய ஜாவர் சீதாராமன், துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார்.

கதை 1943 அக்டோபருக்கு மாறியது. அப்போது ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது உண்மை நிகழ்ச்சி. அதற்கு முந்தைய ஆண்டிலேயே படையெடுப்பு அச்சத்தில் ஏராளமானோர் சென்னையை விட்டு ஊர்ப்புறங்களுக்குப் போயிருந்தனர். அந்தப் பின்னணியில் வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ஒரு நடனக்காரி, மனைவி உஷா (பண்டரிபாய்) என ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுகின்றனர்.

இங்கே ஆவி இல்லை. ராஜன் தன் தரப்பைச் சொல்ல வருவதே இல்லை. பேய் பூதங்களுக்குத் தமிழ்த் திரையில் அன்று பஞ்சமா? அதே ஏ.வி.எம். 1948-இல் வேதாள உலகம் எடுத்திருந்தது. 1951-இல் பாதாள பைரவி வந்தது. எனவே ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஆவியை விட்டிருக்க முடியாது. ராசோமோனில் விசாரிப்பவர் முகத்தையே நாம் பார்ப்பதில்லை. தீர்ப்பு பார்ப்பவரிடம் விடப்படுகிறது. அந்த நாளில் சிவானந்தம் ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எடைபோட்டு விடை காண்கிறார். துப்பறியும் கதையில் செத்தவனே வந்து பேசினால் அதிகாரிக்கு வேலை ஏது? இந்த அமைப்பு, த வுமன் இன் கொஸ்டின் (1950) என்ற பிரிட்டிஷ் படத்துக்கே நெருக்கமானது என்பாரும் உண்டு. ராசோமோனின் நேர்த் தழுவல் என்று பலர் எழுதுவது பாதியளவே சரி.

விடையும் எளிதானதன்று. தன் திறமைக்கு உள்நாட்டில் ஆதரவு கிடைக்காத கசப்பில் ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்பவனாகியிருந்தான். அதைக் கண்டுபிடித்த உஷாவின் கைத் துப்பாக்கியே அவன் உயிரைப் பறித்தது. ஜப்பானியப் படத்தில் பிறந்த எண்ணம், ஜப்பானின் ஒற்றனைப் பற்றிய தமிழ்க் கதையாக முடிந்தது வியப்புதான். பராசக்தி (1952) மூலம் மக்கள் மனத்தில் இடம்பிடித்த சிவாஜி, இரண்டே ஆண்டில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடிக்க ஒப்பியதும் துணிவே. அந்தப் படத்தில் அவருக்கு இணையாக நடித்த பண்டரிபாய்தான் இங்கே அவனைத் தடுப்பவர்.

மாருதி ராவின் ஒளிப்பதிவு, இருளையும் நிழலையும் கொண்டே அச்சத்தை உண்டாக்குகிறது. ஆயினும் பாட்டில்லாத படம் முதல் வெளியீட்டில் ஓடவில்லை. 1954-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் மலைக்கள்ளன் சிறந்த தமிழ்ப் படமாகி வெள்ளிப் பதக்கம் பெற, அந்த நாள் இரண்டாமிடத்துக்கான தகுதிச் சான்றிதழைப் பெற்றது. விருதுக்குப் பின் மீண்டும் திரையிட்டபோதுதான் கூட்டம் வந்தது.