செவிவழிக் கல்வியும் பார்வையற்ற கலைஞரும்: காவிரிப் படுகையின் இசை வரலாற்றில் ஒரு பகுதி

காவிரிப் படுகையில் இசைக்கல்வி பல நூற்றாண்டுகளாகச் செவிவழியாகவே நடந்துவந்தது. ஆசிரியர் பாட, மாணவர் அதைக் கேட்டுத் திருப்பிப் பாடி மனத்தில் பதித்துக்கொள்ளும் அம்முறையில் ஏட்டுக்கும் எழுத்துக்கும் இருந்த இடம் மிகச் சிறியது. ஆகவே பார்வையற்ற ஒருவர் மற்ற மாணவரோடு ஒரே பாயில் அமர்ந்து, தனிச்சலுகை எதையும் வேண்டாமல், அதே பாடத்தை அதே முறையில் கற்க இயன்றது. தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் பெற்ற கலைக்கல்வியின் வரலாற்றைச் சிறப்புப் பள்ளிகள் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடங்குவதைவிட, அதற்கு முன்பே இம்மண்ணில் வேரூன்றியிருந்த செவிவழிக் கல்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

இதற்கான பழைய சான்றுகள் கோயில் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகங்களை, விண்ணப்பம் செய்யப் பிடாரர் எனப்பட்ட பாடகர் 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்து, நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்தான். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டோ, அக்கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குப் பார்வையற்றோர் 16 பேரை அமர்த்தியதையும், அவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கக் ‘கண்காட்டுவார்’ எனப்பட்ட இருவரை வைத்ததையும் குறிப்பிடுகிறது. அப்பாடகர்கள் கோயில் வாயிலில் இரந்து நின்றவர்கள் அல்லர்; கோயிற்பணியில் இடமும் வாழ்வூதியமும் பெற்ற இசைவாணர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட உதவி எது என்பதை உணர்ந்து, அதற்கும் சேர்த்தே நிவந்தம், அதாவது நிலையான கொடை, வகுக்கப்பட்டிருந்தது என்பது இன்றைய ஆட்சியாளரும் கருத்தில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இலக்கியக் கல்வியிலும் இதே நிலையைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் எழுத்துகளை எழுதிக்காட்டச் செய்து தமிழ் கற்றார் என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது. பழனியில் பிறந்து, இளமையிலேயே அம்மைநோயால் பார்வை இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884), இராமநாதபுரம் சேதுபதி அவையில் சிறப்புப் பெற்ற புலவராக விளங்கினார். செய்யுளை ஓசையாகவே கேட்டு மனனம் செய்யும் பழக்கம் நிலவியதனால், பார்வையின்மை புலமைக்குத் தடையாகவில்லை.

இச்செவிவழி மரபு மிகச் செழித்திருந்த ஊர்களுள் மன்னார்குடியும் ஒன்று. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த இராசகோபாலசுவாமி கோயிலும், பதினெட்டு நாள் நடைபெறும் அதன் பங்குனிப் பெருவிழாவும், சுவாமி புறப்பாட்டின்போது நாதசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரியும் தெருவில் நிற்கும் எவர்க்கும் இசையைக் கொண்டுசேர்த்தன. தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கலையான கொன்னக்கோலில் பெயர்பெற்ற பக்கிரிப் பிள்ளை போன்றோர் இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள். தவிலையோ மிருதங்கத்தையோ தொடுவதற்கு முன்பே வாயாலும் கைத்தட்டாலும் விரலெண்ணிக்கையாலும் தாளத்தை உடலில் ஏற்றிக்கொள்ள வைப்பதே லயக் கல்வியின் தொடக்கம் என்பதால், அங்கும் கண்ணைவிடச் செவிக்கும் தொடுவுணர்வுக்குமே வேலை மிகுதி.

இந்தக் கல்வி எந்த உயரத்திற்கு ஒருவரை இட்டுச்செல்லும் என்பதற்குக் கும்பகோணம் சரப சாஸ்திரிகளே (1872–1904) தலைசிறந்த சான்று. குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த அவர், அதுவரை பெரும்பாலும் துணைக்கருவியாகவே ஒலித்துவந்த புல்லாங்குழலைக் கருநாடக இசையின் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தினார். மூங்கில் குழலில் வீணையைப் போல் மெட்டுகள் இல்லை; துளையை முழுதும் மூடுவதா, பாதி திறப்பதா என்பதையும், மூச்சின் அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதையும் விரலும் உதடும் செவியுமே முடிவு செய்கின்றன; கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைப்பது, இந்நுண்மையிலிருந்தே பிறக்கிறது. 32 ஆண்டுகளே வாழ்ந்த அவரிடம் பயின்ற பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) குழலிசையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றார். பின்னர் திருவிடைமருதூரில் பிறந்த டி.ஆர்.மகாலிங்கமும், அவரிடம் பயின்ற திருவாரூர் என்.ரமணியும் குழலுக்குப் புதிய பாணிகளைத் தந்தபோதும், அக்கருவிக்குக் கச்சேரி மேடையை முதலில் வென்று தந்தவர் பார்வையற்ற ஒரு கலைஞரே என்பதை இசை வரலாறு மறக்கவில்லை.

எனினும் இம்மரபைக் குறையற்றதாகப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. குருகுலத்தின் கதவு பார்வையற்றவருக்குத் திறந்திருந்தாலும், அது பிறப்பைப் பார்த்தே திறந்தது. சாதியாலும் குடும்பத்தொழிலாலும் இசைக்கு உரியவராகக் கருதப்படாத வீட்டில் பிறந்த பார்வையற்ற குழந்தைக்கு, தெருவில் பாடி இரப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை; பார்வையற்ற பெண் குழந்தைகளின் நிலை அதனினும் கொடியது. கற்பிப்பது ஆசிரியரின் விருப்பத்தையும் அருளையும் பொறுத்ததாக இருந்ததேயன்றி, கற்பது மாணவரின் உரிமையாக இருக்கவில்லை. செவித்திறன் குறைந்தோருக்கு இம்மரபு எதையும் வழங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கற்பது பார்வையற்ற மாணவரின் உரிமையாக இல்லாத குறையைத் தீர்க்கும் திசையில் சென்றவை சிறப்புப் பள்ளிகள். 1785இல் பாரிசில் தோன்றிய பார்வையற்றோர் பள்ளி தொடக்கம் முதலே இசைக்கு இடம் தந்தது. அங்கு பயின்று தேவாலய ஆர்கன் கலைஞராகவும் விளங்கிய லூயி பிரெயில், 1829இல் வெளியிட்ட தம் புள்ளியெழுத்து முறையில் சொற்களோடு இசையையும் எழுத வழிசெய்தார். இந்தியாவில் 1887இல் அமிர்தசரசிலும், 1890இல் ஆஸ்க்வித் அம்மையாரின் முயற்சியால் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோருக்கான பள்ளிகள் உருவாயின. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. எழுத்தும் கைத்தொழிலும் குருவின் தயவை எதிர்நோக்காமல் கிடைக்கத் தொடங்கியது பெரும் முன்னேற்றமாகும்.

ஆனால் அதே காலத்தில் இசைக்கல்வி செவியை விட்டுத் தாளை நோக்கி நகர்ந்தது. சரப சாஸ்திரிகள் மறைந்த 1904ஆம் ஆண்டிலேயே சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்தில் அச்சாகி வெளிவந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளியாயிற்று. 1929இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி தோன்றியது. சுரக்குறிப்பும் பாடநூலும் பாடத்திட்டமும் எழுத்துத் தேர்வும் இசையைப் பலருக்கும் பொதுவாக்கின. குருகுலம் மறுத்த பல பிரிவினர் இவற்றால் இசை கற்றனர். அதற்கான விலையைப் பார்வையற்ற மாணவர் செலுத்த நேர்ந்தது. அச்சிட்ட சுரக்குறிப்பு பிரெயிலில் கிடைக்காதபோதும், தேர்வில் தாம் சொல்வதை எழுத மற்றொருவரை நாடவேண்டியபோதும், முன்பு பாயில் சமமாக அமர்ந்தவர் இப்போது உதவி வேண்டுபவராக ஆனார். அவரது திறன் குறையவில்லை. கற்பிக்கும் முறை மாறியதே அவரைப் பின்தள்ளியது.

இன்று மன்னார்குடி வட்டத்தில் பிறக்கும் பார்வையற்ற குழந்தைக்கு இரு வகை நிறுவனங்கள் எட்டும் தொலைவில் உள்ளன: தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவாரூரில் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில் முதலியவற்றை மூன்றாண்டு கற்பிக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியும். முன்னது எழுத்தறிவையும் பின்னது கலையையும் தருவன; இவ்விரண்டும் ஒரே குழந்தைக்கு ஒருசேரக் கிடைக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29ஆம் பிரிவில், கலைப் பாடங்களை மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும் வண்ணம் மறுவடிவமைக்க வேண்டும் என்று அரசுகளைப் பணிக்கிறது. செவிவழிப் பயிற்சிக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் உரிய மதிப்பை மீட்டளிப்பதும், சுரக்குறிப்புகளைப் பிரெயிலிலும் ஒலிப்பதிவிலும் தருவதும் அம்மறுவடிவமைப்பின் முதற்படிகளாகும். பாடகர் பதினாறு பேருக்கு நெல் அளந்தபோதே கண்காட்டுவார் இருவரையும் நியமித்த நாட்டில், இதை அரிய சலுகையாக எண்ணாமல் கடமையாக ஏற்று, மாவட்ட இசைப்பள்ளிகளிலிருந்தே தொடங்கவேண்டும்.