கையால் வரைந்த பெருநாள் வாழ்த்துகள்

இம்மலருக்காகப் பழைய புகைப்படங்களைத் தேடி வீடு வீடாகச் சென்றபோது, பிரிக்பீல்ட்ஸில் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே புகைப்படம் ஒன்றுகூட இல்லை. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து அட்டைகளே இருந்தன. பெரும்பாலானவை கையால் செய்தவை. நம் சங்கத்தின் தொடக்கக் கால நடவடிக்கைக் குறிப்பேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. அட்டைகள் தப்பிவிட்டன.

அச்சிட்ட வாழ்த்து அட்டையை 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸுக்காக வெளியிட்டார். அந்தப் பழக்கம் இந்நாட்டில் ஹரி ராயா அட்டையாக வேரூன்றியது. நோன்பு மாதத்தில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா நடைபாதைக் கடைகளில் அட்டைகள் குவிந்து கிடக்கும். ஆனால் நம் உறவுகளோ பினாங்கு முதல் ஜொகூர் வரை பரவியிருந்தன. அத்தனை பேருக்கும் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே மணிலா அட்டையை வாங்கி வந்து, தராவீஹ் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். பிறையும் மினாராவும் வெட்டிய காகிதத்தை அட்டைமேல் வைத்து, பழைய பல்துலக்கியை வண்ணத்தில் தோய்த்துச் சீப்பின்மேல் தேய்த்தால் சாரல் போலத் தெறிக்கும். காகிதத்தை எடுத்ததும் பிறை வெள்ளையாய் நிற்கும். வீட்டுத் தரையும் பச்சையாகிவிடும் என்பது வேறு விஷயம்.

முகப்பில் மலாயில் 'செலாமத் ஹரி ராயா, மாஃப் ஜாஹிர் டான் பாத்தின்'. உள்ளே தமிழில் நலம் விசாரிப்பு. சில அட்டைகளின் அடியில் பெரியவர்கள் அரபுத் தமிழில் எழுதிய துஆ. இந்த மூன்றையும் ஒரே அட்டையில் எழுதியவர்கள் நாம்தாம்.

உறையை ஒட்டாமல் மடித்துச் செருகினால் தபால் கட்டணம் குறைவு என்பதால் பசைக்கு வேலையில்லை. ஊருக்குப் போகும் அட்டைகளை மட்டும் முன்கூட்டியே முடிக்க வேண்டும். ரஜூலா கப்பல் ஓடிய நாளில், போர்ட் சுவெட்டன்ஹாமில் ஏறி நாகப்பட்டினம் போவோர் கையிலும் கொடுத்தனுப்பியதுண்டு. வந்த அட்டைகளை நூலில் கோத்துக் கூடத்தின் குறுக்கே தொங்கவிடுவோம். யார் வீட்டில் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதும் உண்டு.

கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானா பக்கம், கூட்டாகக் கடை நடத்திய மச்சான் மைத்துனர் இருவர் கணக்கு வழக்கில் பிரிந்தார்கள். பெருநாள் தொழுகையில் ஒரே வரிசையில் நின்றும் முஸாபஹா செய்யாமல் போனார்கள். நம் பொறுப்பாளர்கள் இரண்டு முறை பேசிப் பார்த்தும் பலனில்லை. மூன்றாம் ஆண்டு, இளையவரின் மகள் வரைந்த அட்டை ஒன்று மூத்தவருக்குத் தபாலில் வந்தது. 'மாஃப் ஜாஹிர் டான் பாத்தின்' என்பதன் கீழே அவள் தகப்பனாரின் கையெழுத்து. வேறு ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலையே மூத்தவர் நோன்பு திறக்க அந்த வீட்டுக்குப் போனார். நேரில் சொல்ல நா எழாததை அந்த அட்டை சொல்லிவிட்டது.

1984-இல் கோலாலம்பூர் தலைமைத் தபால் நிலையம் டாயாபூமிக்கு மாறியபோதும், 1992-இல் தபால் துறை போஸ் மலேசியா நிறுவனமானபோதும் இப்பழக்கம் குறையவில்லை. கைப்பேசிக் குறுஞ்செய்திதான் குறைத்தது. 2010-இல் சாதாரணக் கடிதக் கட்டணம் 30 காசிலிருந்து 60 காசாக உயர்ந்தபோது நம்மில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

டின்னிலுள்ள உறைகளின் முகவரிகள் நமக்குப் பெரும் உதவி. கடை மாடிகள், தோட்ட லயங்கள், பிரிக்பீல்ட்ஸில் இடிக்கப்பட்டுவிட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' எனும் ரயில்வே குடியிருப்பு என முதல் உறுப்பினர்கள் வாழ்ந்த இடங்களை அவற்றைக் கொண்டே குறித்துள்ளோம்.

ஓர் அட்டைக்கு மட்டும் உறையும் இல்லை, பெயரும் இல்லை. கப்பல் ஒன்றும், அதன்மேல் திசை மாறிய பிறையும் வரைந்திருக்கிறது. 'வாப்பா, இந்தப் பெருநாளைக்காவது வாங்க' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. எழுதிய பிள்ளை யாரென்று அறிந்தவர்கள் சங்கச் செயலாளரிடம் தெரிவித்தால், அட்டையை உரியவரிடம் ஒப்படைத்துவிடுவோம்.