கடலிலே குளிர்காய்தல்

குளிர்காய்வது என்றால் நமக்கு உடனே நெருப்புத்தான் ஞாபகத்துக்கு வரும். மார்கழி மாதத்து விடியற்காலையில் தெருவோரமாகச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, நாலு பேர் சுற்றிக் குந்தி உள்ளங்கைகளை நீட்டிக்கொண்டிருப்பார்களே, அந்தக் காட்சி. நெருப்பு இல்லாவிட்டால் ஒரு கம்பளி. கம்பளியும் இல்லாதவன் கையைக் கட்டிக்கொண்டு வேகமாக நடப்பான். தரையில் இருக்கிறவனுக்கு இப்படி எத்தனையோ உபாயங்கள் உண்டு. ஆனால் உடம்பை வெடவெடக்க வைக்கும் கடலுக்குள் முழுகி வேலை செய்கிறவன் எதைக் கொண்டு குளிர்காய்வான்? அங்கே நெருப்பு எரியாது, கம்பளி நனைந்துவிடும்.

கடலில் முழுகியவர்களைப் பற்றி நான் படித்த சரித்திரங்கள் பெரும்பாலும் ஆழத்தையும் புதையலையும் பற்றியே பேசுகின்றன. எத்தனை பாகம் இறங்கினான், எந்தக் கப்பலின் பீரங்கியைத் தூக்கினான் என்பதெல்லாம் விரிவாக இருக்கும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கோ வேறு இரண்டு கேள்விகள்தாம் முதலில் தோன்றுகின்றன. அவனுக்குக் குளிரவில்லையா? அவன் போட்டிருந்த உடுப்புக்குக் காசு கொடுத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால், அது வேறொரு சரித்திரமாக விரிகிறது.

முதலில் குளிரின் கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 20 டிகிரி செண்டிகிரேட் உள்ள காற்றில் நாம் சுகமாக உலாவலாம். அதே 20 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தால் பல் கிட்டத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் கல்லோடு இறங்கி முத்துக் குளித்த நம்மவர்கள் சுறாவுக்குப் பயந்தார்கள், மூச்சு முட்டுவதற்குப் பயந்தார்கள். குளிருக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. நம் கடல் அப்படி. வடக்கே போகப் போகக் கடலின் சுபாவம் வேறு.

குளிர்ந்த கடலில் இறங்குவதற்குப் பணக்கார வழி ஒன்று 19-ம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. லண்டனில் பட்டறை வைத்திருந்த ஆகஸ்டஸ் ஸீப் என்பவர், 1830-களின் இறுதியில், செம்புத் தலைக்கவசத்தோடு சேர்ந்த, தண்ணீர் புகாத முழு உடுப்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். 1839-ல் தொடங்கி, இங்கிலாந்தின் தென்கரையில் முழுகிக் கிடந்த ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலின் மிச்சங்களை எடுத்த வேலையில் அந்த உடுப்பு பேர் வாங்கியது. ரப்பர் பூசிய துணிக்குள்ளே உடம்பு உலர்ந்தே இருக்கும். ஆகையால் உள்ளே கம்பளிச் சட்டை, கம்பளிக் காலுறை, கம்பளிக் குல்லாய் என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளலாம். கம்பளி இழைகளுக்கு நடுவே அடைந்து நிற்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது. ஆனால் அந்த மனிதனுக்கு மேலே படகு வேண்டும், காற்றடிக்கும் பம்பு வேண்டும், பம்பைச் சுற்ற ஆட்கள் வேண்டும், கயிற்றைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். சர்க்காரும் கப்பல் கம்பெனியும் கொடுக்கக்கூடிய செலவு அது. தன் வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்குகிறவர் கண்ணெடுத்தும் பார்க்க முடியாது.

அப்படி இறங்கியவர்கள் என்ன செய்தார்கள்? இதற்கு விடை தேடிக் கொரியாவின் தெற்கே உள்ள ஜேஜு என்ற எரிமலைத் தீவுக்குப் போக வேண்டும். அங்கே கடலில் முழுகிச் சிப்பியும் பாசியும் எடுக்கிறவர்கள் பெண்கள். ஹேன்யோ என்று அவர்களுக்குப் பெயர். கடல் பெண்டிர் என்று அர்த்தம். காற்றுக் குப்பி கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, பாறையிடுக்கில் ஒட்டியிருக்கும் சிப்பியை இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்துக்கொண்டு மேலே வந்து, சீழ்க்கை அடிப்பதுபோல் மூச்சை விடுவார்கள்.

அவர்களுடைய தளவாடங்களின் ஜாபிதாவைப் பாருங்கள். மிதவைக்குச் சுரைக்குடுக்கை. அது கொடியில் காய்ப்பது. எடுத்ததைப் போட்டு வைக்க ஒரு வலைப்பை. கையால் தைத்த பருத்தி உடுப்பு ஒன்று. கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இரும்பும் கண்ணாடியும்தான். ஏழையின் தொழிலாக அது நிலைத்து நின்றதற்கு இந்த ஜாபிதாவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பருத்தித் துணி குளிரை என்ன செய்துவிடும்? கொரியக் கரையில் குளிர்காலக் கடல் 10 டிகிரி வரைக்கும் இறங்கும். அந்தத் தண்ணீரில் பருத்தி உடுப்போடு அரைமணிபோல இருப்பதே பெரிய காரியம். கரையேறியதும் அவர்கள் ஓடுகிற இடம் ஒன்று உண்டு. கருங்கற்களை வட்டமாக அடுக்கிக் காற்றைத் தடுத்திருப்பார்கள். மேலே கூரை இல்லை. நடுவே நெருப்பு எரியும். புல்தோக் என்று பெயர். புகை படாத இடம் தொழிலில் முதிர்ந்தவளுக்கு. புகையடிக்கிற இடம் புதிதாக வந்த பெண்ணுக்கு. உடம்பு தேறினால் மறுபடி கடல். எந்த நாளில் கடலுக்குப் போவது, எவள் வரம்பு மீறினாள், எவளுக்கு உடம்பு சரியில்லை என்ற வழக்கெல்லாம் அந்த நெருப்பைச் சுற்றித்தான் தீர்ந்தது.

இன்னொரு நெருப்பும் இருந்தது. அது உடம்புக்குள்ளே எரிந்தது. ஹாங் ஸுக் கி என்ற கொரிய உடலியல் நிபுணரும் அமெரிக்காவிலிருந்த ஹெர்மன் ரான் என்பவரும் 1960-களில் இந்தப் பெண்களைச் சோதித்துப் பார்த்து, 1967-ல் அதைப்பற்றி விரிவாக எழுதினார்கள். குளிர்காலம் வந்ததும், சும்மா படுத்திருக்கும்போதுகூட இவர்களுடைய உடம்பு, கடலுக்குப் போகாத பெண்களின் உடம்பைவிடச் சுமார் 30 சதவிகிதம் அதிகமாகச் சூட்டை உண்டாக்கிற்று. மற்றவர்கள் நடுங்குகிற தண்ணீரில் இவர்கள் நடுங்கவில்லை. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறந்தான் கரைக்கு வந்தார்கள். கம்பளி வாங்க முடியாதவள் உடம்பையே அடுப்பாக்கிக்கொண்டாள் என்று சொல்லலாம். ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டுமே! அந்த அதிகச் சூட்டுக்கு வேண்டிய சோற்றையும் அவளேதான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

இது இப்படியிருக்க, உலகத்தின் இன்னொரு மூலையில் வேடிக்கைக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் கடலில் இறங்குகிற கூட்டம் ஒன்று கிளம்பியது. 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் காஞ்யானும் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுக் குப்பிக்கு ஏற்ற கருவியைச் செய்தார்கள். இன்று ஸ்கூபா என்று நாம் சொல்வதற்கு அதுவே வழி திறந்தது. மேலே பம்பும் வேண்டாம், ஆட்களும் வேண்டாம். மூச்சுப் பிரச்சினை தீர்ந்தது, குளிர் தீரவில்லை. உடம்பெல்லாம் கொழுப்பைத் தடவிக்கொண்டால் குளிராது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. கொழுப்பு தண்ணீரில் கரைந்து போய், மிஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலம் கெடுதலே செய்கிறது என்று கூஸ்தோ கண்டு சொன்னார். மதுவைக் குடிப்பதும் சூட்டை இழப்பதற்கே உதவும்.

குளிருக்குப் பதில் சொன்னவர் ஒரு பௌதிக சாஸ்திரி. கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் இருந்த ஹியூ பிராட்னர், யுத்த காலத்தில் அணுகுண்டு செய்யும் வேலையில் ஈடுபட்டவர். 1951-ல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லாரும் உடம்பை உலர்ந்த நிலையில் வைப்பதற்காகவே பாடுபடுகிறார்கள்; ஆனால் சூடாக இருப்பதற்கு உலர்ந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சூட்டைக் காப்பது அடைபட்ட வாயு. அதைத் துணிக்குள்ளேயே சின்னஞ்சிறு குமிழிகளாகச் சிறை வைத்துவிட்டால், தோலுக்கும் உடுப்புக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால்தான் என்ன? அது ஓடிப் போகாமல் நின்றால், உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடும். அதற்கு ஏற்ற பொருள், நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரை நுரையாக்கிச் செய்த பாளம். நியோபிரீன் 1930-ல் டூபாண்ட் கம்பெனியின் சோதனைச்சாலையில் பிறந்தது. அதைக் கையாளலாமே என்று எடுத்துச் சொன்னவர் வில்லார்ட் பாஸ்கம் என்ற கடல் விஞ்ஞானி.

இதில் ஒரு குறையும் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிக்கிறது. அப்போது குமிழிகள் பாதியாகச் சுருங்கும். உடுப்பும் மெலிந்து, குளிர் உள்ளே எட்டிப் பார்க்கும். ஆனாலும் பருத்திக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

பிராட்னருக்கு இதனால் செல்வம் சேரவில்லை. குமிழி நிறைந்த உடுப்பை எதிரியின் ஒலிக்கருவி கண்டுபிடித்துவிடும் என்று கடற்படை தயங்கிற்று. காப்புரிமையும் அவருக்குக் கிட்டவில்லை. ஸான்பிரான்ஸிஸ்கோவில் 1952-ல் கடை திறந்த ஜாக் ஓநீல், ரிடாண்டோ கடற்கரையில் 1953-ல் வியாபாரம் தொடங்கிய மீஸ்ட்ரல் சகோதரர்கள் என்று பலர் அதே மாதிரி உடுப்பைத் தைத்து விற்றார்கள். யார் முதல்வர் என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 1998-ல் காரலின் ரெய்னி என்பவர் பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்த்து, பெருமை பிராட்னருக்கே என்று எழுதினார்.

ஒருவருக்குச் சொந்தமாகாத யோசனை ஊருக்கெல்லாம் சொந்தமாயிற்று. 1950-களிலும் 1960-களிலும் இங்கிலாந்தில் சம்பளக்காரப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தைத்த உடுப்பை வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே ரப்பர் நுரைப் பாளத்தை வாங்கி, காகித மாதிரியை வைத்து, வீட்டுக் கூடத்தில் கத்தரிக்கோலால் வெட்டி, பசையால் ஒட்டி, ஒட்டிய இடங்களின்மேல் மஞ்சள் நாடாவை அழுத்தி உடுப்புச் செய்துகொண்டார்கள். உள்ளே துணி கிடையாது. ரப்பர் தோலைக் கவ்வும். ஆகவே குழந்தைக்குப் போடுவதுபோல் உடம்பெல்லாம் பவுடரைக் கொட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வட கடலில் இறங்கும் பாக்கியம் மாதச் சம்பளக்காரனுக்கும் கிடைத்தது இப்படித்தான்.

இந்த உடுப்பு 1970-களில் ஜேஜு தீவுக்கு வந்து சேர்ந்தது. இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

அந்தப் பெண்களுக்கு அது வரப்பிரசாதம், சந்தேகமே இல்லை. அரைமணி இருந்த கடலில் நாலு மணி, ஐந்து மணி நேரம் இருக்க முடிந்தது. மாசியும் பங்குனியும் பயமுறுத்தவில்லை. ஆனால் சுரைக்குடுக்கையைப்போல் அது கொடியில் காய்க்காது; பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ரப்பர் மிதக்குமாகையால், அதைப் போட்டுக்கொண்டு முழுக இடுப்பில் ஈயக்கட்டிகளும் வேண்டும். ஒரே பாறையில் ஒருத்தி ஐந்து மணி நேரம் தேட, இன்னொருத்தி அரைமணியில் நடுங்கிக்கொண்டு கரையேறினால், பாறையில் உள்ளது யாருக்குப் போய்ச் சேரும்? ஜப்பானில் அமா என்னும் முக்குளிக்கும் பெண்கள் வாழ்ந்த சில கிராமங்களில் இதை முன்கூட்டியே யோசித்து, வீட்டுக்கு ஓர் உடுப்புத்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பணமுள்ள வீட்டாரும் பணமில்லாத வீட்டாரும் ஒரே கடலில் பிழைக்க வேண்டும், சிப்பியும் அடுத்த வருஷத்துக்கு மிஞ்ச வேண்டும் என்ற இரண்டு கவலைகளும் அந்தக் கட்டுப்பாட்டில் சேர்ந்திருந்தன. எந்தப் பொருளாதார நிபுணரும் வந்து சொல்லிக் கொடுத்ததல்ல அது.

அதுவரை வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது குளிர். அது கொடுமையான மேஸ்திரிதான். ஆனால் நேரம் ஆயிற்று, வீட்டுக்குப் போ என்று விரட்டுகிற மேஸ்திரி. அதை வெளியே அனுப்பிவிட்டபின், வீட்டுக்குப் போகச் சொல்ல யாரும் இல்லை. நாலு மணி நேரம் மூச்சடக்கி மூச்சடக்கி இறங்குகிற உடம்புக்குத் தலைவலி கூலியாகக் கிடைத்தது. தலைவலி மருந்தைப் போட்டுக்கொண்டே கடலில் இறங்கும் வழக்கம் அவர்களிடையே பரவியது. சிப்பிகளுக்கும் முன்போல் ஓய்வில்லை. கடலுக்குப் போகக்கூடாத மாதங்களையும், எடுக்கக்கூடாத சிறு உருப்படிகளின் அளவையும் கிராமச் சங்கங்கள் கண்டிப்பாகக் காக்க வேண்டியதாயிற்று. குளிர் பார்த்துவந்த உத்தியோகத்தில் பாதியை மனிதர்கள் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

உள்ளே எரிந்த அந்த அடுப்பு என்ன ஆயிற்று? ரப்பர் உடுப்புக்கு மாறிய பெண்களை 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். குளிர்கால விசேஷச் சூடு மறைந்திருந்தது. மற்றப் பெண்களைப்போலவே அவர்களும் நடுங்கினார்கள். பரம்பரை பரம்பரையாக வந்ததென்று உலகம் வியந்தது, மூன்று நாலு வருஷங்களில் அணைந்துவிட்டது. அப்படியானால் அது ஜாதி குணமல்ல, பிறவி வரமுமல்ல. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வேதனைப்பட்டு மூட்டிக்கொண்ட நெருப்பு. சாகசம் என்று நாம் பாராட்டியது, உடுப்புக்குக் காசில்லாத குறைதான்.

1970-ல் ஜேஜுவில் சுமார் 14,000 ஹேன்யோக்கள் இருந்தார்கள். 2023-ல் 3,000-க்கும் குறைவு; அவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆரஞ்சுத் தோட்டமும் சுற்றுலாவும் வேறு பிழைப்பைக் கொடுத்தன. 2016-ல் யுனெஸ்கோ அவர்களுடைய தொழிலை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. கல் வட்டங்களுக்குப் பதிலாக வெந்நீர் வசதியுள்ள கட்டிடங்கள் வந்துவிட்டன. பழைய புல்தோக்குகள் சிலவற்றை நினைவுச் சின்னமாகக் காத்து வருகிறார்கள். அங்கே இப்போது நெருப்பு இல்லை.

பழைய பருத்தி உடுப்பின் பெருமையைப் பற்றி உருக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களில் யாரும் அதை அணிந்து பத்து டிகிரித் தண்ணீரில் இறங்கி வேலை செய்ததில்லை. இறங்கியவர்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் ரப்பருக்கு மாறினார்கள்; திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுடைய தீர்ப்பைத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன். கூடவே, வீட்டுக்கு ஓர் உடுப்பு என்று விதித்தார்களே, அந்தக் கிராமத்துப் பெரியவர்களையும் மறக்க முடியவில்லை. கதகதப்பு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அது கிடைத்த பிறகு எப்போது கரையேறுவது என்பதையும் அன்றைக்கே யோசித்து வைத்தார்கள்.