நாற்பத்தெட்டாவது சிலை

1946 நவம்பரில் ஹாலிவுட்டில் ஏழு பேர் கூடினார்கள். கூட்டியவர் சிட் காசிட். பாரமவுண்ட் ஸ்டூடியோவில் செட் வேலை பார்த்துக்கொண்டே தொழில் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். டெலிவிஷன் என்ற புதுச் சரக்கைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. விருது, விழா, சிவப்புக் கம்பளம் எதுவும் அவர் திட்டத்தில் கிடையாது. ஆனால் சினிமாவே ராஜா என்றிருந்த ஊரில் ஏழு பேர் பேசுவதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

பிரபலமான ஒரு முகம் தேவைப்பட்டது. 1947 ஜனவரியில் இரண்டு முகங்களாகக் கிடைத்தன. எட்கர் பெர்கன் உதடு அசையாமல் பேசி, மடியில் இருக்கும் சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையைப் பேசவைப்பவர். வேடிக்கை என்னவென்றால், அவர் புகழ் பெற்றது ரேடியோவில். உதடு அசைகிறதா இல்லையா என்று யாருமே பார்க்க முடியாத இடத்தில்! சினிமாக்காரர்கள் ஏற்கெனவே 1938இல் அவருக்கு மரத்தில் செய்த, வாய் அசையும் ஆஸ்கர் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவர், அந்த ஏழு பேர் தொடங்கிய டெலிவிஷன் அகாதெமியின் தலைவரானதும் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன, கூட்டமும் சேர்ந்தது. கூடவே பழைய கேள்வியும் வந்து சேர்ந்தது: சினிமாவுக்கு ஆஸ்கர் இருக்கிறதே, நமக்கு?

முதலில் சிலைக்கு ஒரு வடிவம் வேண்டுமே. வரைபடங்கள் வந்து குவிந்தன. ஒன்றைத் தள்ளினார்கள், பத்தைத் தள்ளினார்கள், 47ஐயும் தள்ளிவிட்டார்கள். 48-வதைக் கொண்டுவந்தவர் லூயிஸ் மெக்மானஸ். சிற்பி இல்லை, டெலிவிஷன் இன்ஜினியர். மாடலைத் தேடி அவர் வெளியே போகவில்லை. மனைவி டோரதியையே நிற்கவைத்தார். மின்னல் கீற்று போலக் கூர்மையான இறக்கைகள், இரண்டு கைகளாலும் உயரத் தூக்கிய ஓர் அணு, அதைச் சுற்றும் எலெக்ட்ரான்கள். இறக்கை கலைக்கு, அணு அறிவியலுக்கு. 1948இல் அகாதெமி தலையாட்டியது. சிலை தயார், பெயர்தான் இல்லை.

காசிட் ஒரு பெயர் சொன்னார்: ஐக். ஆரம்பகால டெலிவிஷன் கேமராக்களுக்குள் இருந்த ஐகனாஸ்கோப் குழாயின் செல்லச் சுருக்கம். நல்ல பெயர்தான். ஆனால் போரில் ஜெயித்துவந்த ஜெனரல் ஐசனோவரை அமெரிக்கா முழுக்க 'ஐக்' என்றுதான் கூப்பிட்டது. விருது மேடையில் அந்தப் பெயரைச் சொன்னால் ராணுவ அணிவகுப்பு அல்லவா நினைவுக்கு வரும்? பெயர் அடிபட்டுப் போனது.

அப்போது வாய் திறந்தவரும் ஓர் இன்ஜினியர்தான். பின்னர் அகாதெமியின் தலைவராகவே வந்த ஹாரி லுப்கே. அவர் கையில் எடுத்தது வேறொரு குழாய்: இமேஜ் ஆர்த்திக்கான். பழைய ஐகனாஸ்கோப்புக்கு வெளிச்சம் போதவே போதாது. நடிகர்கள் விளக்குச் சூட்டில் வெந்துகொண்டே வசனம் பேச வேண்டியிருந்தது. ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ரோஸ், பால் வைமர், ஹரால்ட் லா மூவரும் உருவாக்கிய புதுக் குழாய், நூறு மடங்கு குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடித்தது. இத்தனைக்கும் அது வளர்ந்தது போர்க்காலத்தில். டெலிவிஷன் வழியாக இலக்கைப் பார்த்துச் செலுத்தும் குண்டுகளுக்காக அமெரிக்க ராணுவம் கேட்ட கண் அது. போர் முடிந்ததும் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தது. கேமராக்காரர்கள் அதை 'இம்மி' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே இருக்கட்டும் என்றார் லுப்கே. ஆனால் சிலையில் நிற்பது பெண்ணாயிற்றே! பெண் பெயராக ஒலிக்கட்டும் என்று ஓர் எழுத்தை மாற்றினார்கள். அப்படிப் பிறந்தவள்தான் எம்மி.

1949 ஜனவரி 25 இரவு, ஹாலிவுட் அத்லெடிக் கிளப்பில் முதல் விழா. டிக்கெட் ஐந்து டாலர். போட்டி லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்து நிகழ்ச்சிகளுக்கு மட்டும். ஆறு விருதுகளில் சிறந்த கலைஞருக்கானது ஷெர்லி டின்ஸ்டேலுக்குப் போனது. அவரும், கூட வந்த ஜூடி ஸ்ப்லின்டர்ஸ் என்ற பொம்மையும்! பெர்கனின் வாரிசு என்றே சொல்லிவிடலாம். இன்னொன்று, ஃபேஸ்ஃபேடர் என்ற கருவியைக் கொண்டுவந்த டான் லீ டெலிவிஷனின் சார்ல்ஸ் மெசாக்குக்கு. சிலையை வடித்த மெக்மானஸுக்கும் ஒரு சிறப்பு விருது. ஆக, ஆறில் இரண்டு இன்ஜினியர்களுக்கு.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். அதே 1949இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆலை ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் சென்னைப்பட்டணத்தில் டெலிவிஷனைக் கண்டவர் யாருமில்லை. 1950 ஜனவரியில் தேனாம்பேட்டைக் கண்காட்சி ஒன்றில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் திரையில் உருவம் வரவழைத்துக் காட்டினார். அத்தோடு சரி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அதற்குள் அமெரிக்காவில் எம்மி ஒரு பழைய கணக்கையும் தீர்த்திருந்தாள்.

1956இல் அகாதெமி ஒரு கௌரவ எம்மி கொடுத்தது. டெலிவிஷனை நன்றாகப் பயன்படுத்தியதற்காகவும் ஊக்குவித்ததற்காகவும், அமெரிக்க ஜனாதிபதிக்கு. அவர் பெயர் ஐசனோவர். எந்த 'ஐக்'கினால் பழைய பெயர் கைவிடப்பட்டதோ, அதே ஐக்!

சிலையைப் பல ஆண்டுகள் செய்துகொடுத்தது சிகாகோவின் ஆர்.எஸ். ஓவன்ஸ் நிறுவனம். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வார்ப்பிலும் பஃபிங்கிலும் கை பழகியவர்களுக்கு வேலை முறையில் பெரிய ஆச்சரியம் இருக்காது. வார்ப்பு, தேய்ப்பு, பொன் முலாம். ஒரு சிலைக்கு ஐந்தரை மணி நேரம், எடை மூன்று கிலோ. விரல் ரேகை படியாமலிருக்க வெள்ளைக் கையுறை மாட்டித்தான் தொடுவார்கள். விழா பெரிதாகப் பெரிதாக, படத்தொகுப்பு, ஒலி, ஒப்பனை, ஒளிப்பதிவு போன்ற விருதுகளில் பெரும்பாலானவை 'கிரியேட்டிவ் ஆர்ட்ஸ்' என்று முன்கூட்டி நடக்கும் தனி விழாவுக்குப் போய்விட்டன. பொறியியலுக்கும் தனி மேடைதான். கேமராக் குழாயின் பெயரைச் சுமக்கும் விருது கேமராக்காரரைப் பெரிய மேடையிலிருந்து இறக்கிவைத்தது கொஞ்சம் அநியாயம்தான்.

பெரிய மேடையில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் ஏறியது 2016 செப்டம்பரில். தென் கரோலினாவில் பிறந்த அஜிஸ் அன்சாரி; பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். ஆலன் யாங்குடன் சேர்ந்து 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடருக்காக எழுதிய அத்தியாயத்துக்குப் பெயரே 'பேரன்ட்ஸ்'. பிழைக்க வந்த நாட்டில் அப்பாக்கள் பட்ட பாடு பிள்ளைகளுக்குத் தெரியாமலே போவதுதான் கதை. திரையில் அப்பா, அம்மாவாக நடித்தவர்கள் அன்சாரியின் சொந்த அப்பா, அம்மாவே. நகைச்சுவைத் தொடர் எழுத்துக்கான எம்மி கிடைத்தது. அடுத்த ஆண்டும் அதே பிரிவில் அதே தொடருக்குத்தான் விருது. இந்த முறை கூட எழுதியவர் லீனா வெய்த்.