வெள்ளலூரில் கிடைத்த ரோமாபுரிக் காசு

கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் ஒரு புதையல் கிடைத்தது. 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள்! பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்கள் வெளியிட்டவை. பின்னால் வந்தவர்களின் வெள்ளிக் காசு கொங்கு நாட்டில் ஏன் அவ்வளவாகக் கிடைப்பதில்லை?

கொங்கில் படியூர் பெரில் கல் இருந்தது, கொடுமணலில் மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வந்தது. ஆனால் காசில் யார் தலை இருக்கிறது என்பது நம்மவர்களுக்கு முக்கியமில்லை. முகமதிப்பு ரோமாபுரியோடு சரி, இங்கே எடையும் தரமும்தான் விலை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கி.பி. 64-ல் நீரோ மன்னன் கை வைத்தான். ஒரு ரோமன் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் சொன்னான், வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். ரோமில் பழைய காசும் புதுக்காசும் ஒரே மதிப்பு. கப்பல் ஏறும் வியாபாரி எதை மூட்டை கட்டுவான்? பழையதைத்தான்! இன்று ஏர்போர்ட்டில் டாலர் மாற்றாமல் வெளியே நாலு கடை விசாரிப்பவரின் கணக்கும் இதே ரகம்தான்.

குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளை உள்ளூர்க் காசாக மாற்றினால் கொஞ்சம் லாபம் கிடைக்கும் என்று 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ரோமில் இருந்த பிளினிக்கு வேறு கவலை. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்பினார்.