தோணியில் எரிந்த அடுப்பு

தூத்துக்குடித் துறைமுக வரலாறு என்றதும் தேதிகள் வரிசைகட்டி நிற்கும்: 1906இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1974இல் பெருந்துறைமுகம். 1961 முத்துக்குளிப்பு வரை படகுக்கும் சிப்பிக்கும் கணக்கு உண்டு. சோறாக்கியவர்களுக்குக் கணக்கு இல்லை.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன தோணி ஒன்றில் எங்கப்பா பண்டாரி, அதாவது சமையல்காரர். அம்மாவுக்கு ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை. தோணி பழைய துறைமுகத்தில் சரக்குக்காகக் கட்டிக் கிடக்கும் நாட்களில் அப்பா வீட்டுக்கு வர முடியாது. தோணியில் இருக்கிறவர்களுக்கு யார் சோறாக்குவது? சாகுபுரத்தில் பஸ் ஏறி நாங்கள்தான் போவோம். மேல்பலகையில் தங்கச்சி தூங்குவாள். அப்பா மீன்குழம்பு வைத்துப் பரிமாறுவார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். வீட்டில் அப்பா அடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சமையல் பெண்ணின் இயல்பு என்கிற சொல்லாடல் கரையில் கட்டப்பட்டது. அது கடலில் செல்லுபடியாகவில்லை. தண்டல் முதல் பண்டாரி வரை தோணியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு கூலி. கரையேறியதும் அதே வேலை பெயரிழந்து, கூலியிழந்து, 'பாசம்' ஆகிவிடுகிறது. உழைப்பைப் பேசிய நம் இயக்கங்களும் பெரும்பாலும் அந்தப் பாசத்தை உண்டுவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போயின.

ஒருநாள் குழம்பை வழித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "சோறாக்குததுக்கு ஒங்களுக்குச் சம்பளம் குடுக்காவ. எனக்கு யாரு குடுப்பா?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். துறைமுக வரலாற்றை அந்தச் சிரிப்பிலிருந்து திரும்ப எழுத வேண்டும்.